தோல்விக் கணக்கு

பினாங்கின் சூலியா தெருவில், நாணய மாற்றுக் கடையொன்றிலே, பல ஆண்டுகளுக்கு முன் கணக்கர் ஒருவர் பணியாற்றினார். மாலையில் பெட்டியிலுள்ள பணமும் ஏட்டிலுள்ள தொகையும் ஒத்துவராவிடில் அவர் வீடு திரும்பமாட்டார். குறைவது ஒரு வெள்ளியே ஆயினும், அது தவறிய இடத்தைக் கண்டபின்னரே விளக்கணைப்பார்.

அத்தகையவர்க்குச் சதுரங்கத்தின்மேல் தீராத காதல். கதவடைத்த கடையின் முன்னே, ஐந்தடி நடைபாதையில், இரு முக்காலிகளுக்கு நடுவே பலகை விரியும். எதிரே அமர்பவர் நாகூரிலிருந்து வந்து அத்தெருவிலேயே முதுமையெய்திய பெரியவர். அனைவரும் அவரை 'நானா' என்றே அழைப்பர். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி எழும். நானா தொழுதுவிட்டு வந்து ஆட்டத்தைத் தொடர்வார், கணக்கர் தோற்பார்.

மூன்றாண்டுகள் இவ்வாறே கழிந்தன. தோற்றதற்குக் காரணம் ஒருநாள் உடல் அசதி. மறுநாள் தெருவின் இரைச்சல். பழைய புத்தகக் கடையிலே, தொடக்க நகர்வுகளை விளக்கும் நூலொன்றை வாங்கி மனனம் செய்தார் கணக்கர். ஐந்தாம் நகர்விலேயே நானா நூலில் இல்லாத வழியில் குதிரையைச் செலுத்தினார். மனனம் செய்தவை அத்தோடு பயனற்றுப்போயின.

அன்றிரவு நானா கேட்டார்: "தம்பி, இன்றைய ஆட்டத்தை எந்த இடத்தில் இழந்தீர்?"

கணக்கரால் விடை கூற இயலவில்லை. ஒரு வெள்ளி தவறிய இடத்தைத் தேடி நள்ளிரவுவரை விழித்திருப்பவர், மூன்றாண்டுத் தோல்விகளுள் ஒன்றுக்கேனும் கணக்கு வைத்திருக்கவில்லை! நாணம் அவரை வாட்டியது.

மறுநாள் பழைய பேரேடு ஒன்றை எடுத்தார். ஒவ்வொரு நகர்வையும் அதிற் குறித்தார். இரவில் தனித்திருந்து மீண்டும் ஆடிப்பார்த்தார். சில திங்களில் உண்மை புலப்பட்டது. தோல்விகள் பலவாயினும் பிழைகள் சிலவே. அரசியைக் காலத்திற்கு முன்னரே வெளிக்கொணர்தல் ஒன்று. எதிரியின் காய் எதனைத் தாக்குகிறது என நோக்காது தம் திட்டத்தையே தொடர்தல் மற்றொன்று. ஒரு காயை வென்ற மகிழ்ச்சியில் விரைந்து ஆடுதல் மூன்றாவது. இறுதிக்கட்ட ஆட்டத்தையோ அவர் அறவே கற்றிருக்கவில்லை. இரு அரசர்களும் ஒரு கட்டம் இடைவிட்டு நேருக்குநேர் நிற்கையில், நகரவேண்டிய முறை எவருடையதோ அவருடைய அரசனே வழிவிட நேரும் என்னும் எளிய விதியையும் அப்போதுதான் அறிந்தார்.

தோல்வி பெருவீரர்க்கும் உரியதே. மானுவல் ஆரோன் 1961ஆம் ஆண்டில் அனைத்துலக மாஸ்டர் பட்டம் பெற்றார். அப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. மறு ஆண்டு ஸ்டாக்ஹோமில் நடந்த உலக வாகைக்கான தகுதிப் போட்டியில், 23 பேருள் அவர் கடைசியாக நின்றார். ஆயினும் அப்போட்டியிலேயே ஹங்கேரியின் போர்ட்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் உல்மானையும் வீழ்த்தினார். கடைசி இடம் அவரை முடக்கவில்லை. 1972இல் சென்னையில் தால் சதுரங்கக் கழகத்தைத் தொடங்கினார். ஆறு வயதில் தாயிடம் இவ்விளையாட்டைக் கற்ற விசுவநாதன் ஆனந்த் அங்குதான் பயின்றார். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

சூலியா தெருவின் கணக்கர் பட்டம் எதனையும் பெறவில்லை. பேரேட்டில் சில பக்கங்களே எஞ்சியிருந்த ஓர் இரவில், அவர் தம் அரசனை உரிய கட்டத்தில் நிறுத்தினார். நானாவின் சிப்பாய்க்கு முன்னேற வழியில்லை. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. நானா நெடுநேரம் பலகையையே நோக்கியிருந்தார். பின்னர்ப் பேரேட்டைக் கேட்டு வாங்கி, தாம் தவறிய நகர்வின்கீழ்க் கோடிட்டார். "இது என் கணக்கு, தம்பி" என்றார்.

திருத்தப்பெற்ற விடைத்தாளில் மதிப்பெண்ணை மட்டும் நோக்கிவிட்டு மடித்துவைக்கும் மாணவர் பலர். மதிப்பெண் தோற்றதைச் சொல்லும். சிவப்புக்கோடே தோற்ற இடத்தைச் சொல்லும்.