ஒரே பூவன், இரண்டு பழம்

வலியசாலை வீடுகளுக்கு அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை என்று நடந்துகொண்டே போனால் கடைசியில் கிணறும் ஒரு துண்டு மண்ணும் வரும். ராஜராஜ சோழனின் கல்வெட்டுகள் பேசும் காந்தளூர்ச் சாலை இந்த இடம்தான் என்று கருதும் சரித்திர ஆசிரியர்கள் உண்டு. மகாதேவர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் இன்றும் வீட்டுக்குள் தமிழ்தான். ஆனால் வாழை வாங்கப் போனால் அந்தத் தமிழ் காலை வாரிவிடுகிறது.

திருநெல்வேலியிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த என் அத்தை, பூஜைக்கு ஆகட்டுமே என்று கொல்லையில் பூவன் கன்று வைத்தாள். பழுத்தது ரஸ்தாளி! கன்று கொடுத்தவர் ஏமாற்றவில்லை. இந்த ஊரில் ரஸ்தாளிக்குத்தான் பூவன் என்று பெயர். நம்முடைய பூவன் இங்கே பாளையங்கோடன். ஞாலிப்பூவன் என்று கேட்டால் நெய்ப்பூவன் தருவார்கள். அதுவே பெங்களூரில் ஏலக்கி. மொழிபெயர்த்துப் பிழைக்கும் நானே பக்கத்தில் இருந்தும் கோட்டைவிட்டேன்.

ரஸ்தாளி ருசியான பழமாயிற்றே, என்ன நஷ்டம் என்று கேட்கலாம். வாடல் நோய்க்கு அது சுலபமாக இரையாகும். மூன்றாம் வருடம் இலைகள் மஞ்சளாகித் தொங்கின, அடித்தண்டு பிளந்தது. நோய்க்குக் காரணமான பூஞ்சணம் மண்ணில் பல வருடங்கள் தங்கிவிடும். ஏக்கர் கணக்கில் நிலம் உள்ளவர் இடம் மாற்றி நடலாம். பத்தடிக் கொல்லைக்காரர் எங்கே போவார்?

எனவே ரகத்தை மாற்ற வேண்டியிருந்தது. சிப்ஸுக்குப் பெயர்போன நேந்திரனை இங்கே பெரும்பாலும் வருடா வருடம் புதிதாகவே நடுகிறார்கள். செங்கதலி குலை தர ஒன்றேகால் வருடத்துக்கு மேலாகும். ரஸ்தாளியைச் சாய்க்கும் வாடலைப் பாளையங்கோடன் தாங்கும். தாய் மடிந்தாலும் பக்கக் கன்றுகள் அடுத்தடுத்துக் குலை தரும். கன்று எடுப்பதிலும் கவனம் வேண்டும். அகன்ற இலை விட்ட நீர்க்கன்று ஆகாது. ஈட்டிபோல் குறுகிய இலையுள்ள கன்றே தேறும். முடிக்கொத்து நோய் தாக்கிய தூரிலிருந்து எடுத்தால், கன்றோடு நோயும் வீட்டுக்கு வந்துவிடும்.

அத்தை இந்த முறை பாளையங்கோடன் என்று தெளிவாகக் கேட்டு வாங்கினாள். இப்போது மூன்றாவது குலை. வீட்டில் அதைப் பூவன் என்றுதான் சொல்கிறாள். பக்கத்து வீட்டு மலையாளப் பெண்மணி திருத்துவதில்லை. குலைக்கு ஒரு சீப்பு அங்கேயும் போகிறதே!