ஏட்டில் எழுந்த விண்கலம்

1933ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் பிலிப் கிளீட்டர் என்பார் 'பிரிட்டிஷ் கோளிடைச் சங்கம்' என்னும் அமைப்பை நிறுவினார். மாந்தர் விண்ணிற் செல்லுதல் இயலும் என்று நாட்டார்க்கு உணர்த்துவதே அதன் நோக்கம். மறு ஆண்டில் தொடங்கிய அதன் இதழ் இன்றும் வெளிவருகின்றது.

அவ்விதழின் பழந்தொகுதிகளைப் புரட்டுவார்க்கு ஒரு வியப்புத் தோன்றும். பறந்த கலம் ஒன்றேனும் அவற்றில் இல்லை. கணக்கும் வரைபடமுமே மிகுதி. தனியார் ராக்கெட் செய்து எரித்தலை 1875ஆம் ஆண்டு வெடிமருந்துச் சட்டம் தடுத்தது. அரசின் விமானத்துறையும் அவர்களுக்கு ஊக்கம் தரவில்லை. எள்ளி நகைத்தோரும் உளர். கையைக் கட்டினர், எழுதுகோலைக் கட்ட இயலவில்லை!

பகலெல்லாம் வேறு தொழில் செய்த உறுப்பினர் சிலர் ஓய்வுப் பொழுதில் லண்டனில் கூடினர். மூவர் சந்திரனுக்குச் சென்று மீளத்தக்க கலம் ஒன்றைத் திட்டமிட்டனர். பிற்காலத்தில் இலங்கையில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அக்கூட்டத்தினர். உள்ளிருப்பார்க்கு எடை தோன்றும்பொருட்டு, அக்கலம் சுழன்றுகொண்டே செல்லவேண்டும். அங்ஙனமாயின் வெளியே விண்மீன்களும் சுழல்வனபோல் தோன்றுமே; வழியறிவது எங்ஙனம்? அதற்கென ஆடிகள் சுழலும் கருவியொன்றை அவர்கள் தாமே செய்து பார்த்தனர். சந்திரனில் மெல்ல இறங்கக் கலத்திற்குக் கால்களும் வரைந்தனர். இத்திட்டம் 1939ஆம் ஆண்டு இதழில் வெளிவந்தது. அவ்வாண்டே போர் மூண்டது. சங்கத்தின் பணி நின்றது. போர் ஓய்ந்தபின் மீண்டும் தொடங்கிற்று.

1969 ஜூலையில் இருவருடன் சந்திரனில் இறங்கிய அமெரிக்கக் கலம் நான்கு கால்களை ஊன்றி நின்றது. அந்நிகழ்ச்சியை அமெரிக்கத் தொலைக்காட்சியில் மக்களுக்கு விளக்கியோருள் கிளார்க்கும் ஒருவர்.