சுபுஹுக்குப் பின் கிளம்பாத வண்டி

நமது மத்ரஸாவில் தங்கிப் பயிலும் பிள்ளைகளுக்கான காய்கறியை, சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு காரைக்குடிக்குச் சென்று வாங்கி வர வேண்டும். அதற்கென ஒரு நல்லடியார் வக்ஃபாகக் கொடுத்த பழைய டீசல் பிக்கப் வண்டி நம்மிடம் உள்ளது. சென்ற கார்த்திகையில் அது காலை நேரங்களில் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. சாவியைத் திருப்பினால் செல்ப் மோட்டார் நன்றாகவே சுற்றும், எஞ்சின் பற்றாது. நான்கைந்து முறை முயன்ற பின், இருமி, உடல் முழுதும் நடுங்கி, முற்றம் நிறைய வெண்புகை கக்கி ஒருவாறு உயிர்பெறும். இரண்டு நிமிடங்களில் நடுக்கம் அடங்கிவிடும். அதன்பின் மாலை வரை எத்தனை முறை நிறுத்தினாலும் ஒரே திருப்பில் கிளம்பும்.

"பனிக்காலம் அல்லவா" என்று நமக்கு நாமே காரணம் சொல்லிக்கொண்டோம். புதுவயலின் பனி ஒரு டீசல் எஞ்சினை முடக்கிப்போடும் பனியன்று என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. பேட்டரியை மாற்றினோம். ஜமாஅத்தார் மனமுவந்து கொடுத்த பணம் அது, வீண் செலவு. முகப்பு விளக்கை எரியவிட்டுச் செல்ப் அடிக்கும்போது வெளிச்சம் சற்றே மங்கி நின்றுவிடுமானால் பேட்டரியைக் குறைகூற இடமில்லை என்பதைப் பின்னரே அறிந்தோம்.

இதற்கிடையில் வேறொன்று நடந்தது. வண்டி ஓட்டும் பெரியவரை நாம் 'மாமு' என்றே அழைப்போம். சில நாட்களாக அவர் இரவில் வண்டியை மத்ரஸா வளாகத்தில் விடாமல், ஊருணிக் கரைச் சரிவில் நிறுத்திவிட்டு வீடு சென்றார். அந்த நாட்களில் வண்டி ஒழுங்காகக் கிளம்பியது என்பது நம் நினைவில் நிற்கவில்லை. நிர்வாகத்தில் ஒருவர், "இருட்டில் ஏன் அங்கே விடுகிறார்? டீசல் இறக்குகிறாரோ?" என்றார். நாம் மறுத்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. மாமுவை அழைத்துக் கேட்டோம்.

"ஹஜ்ரத், பள்ளத்தப் பாத்து நிறுத்துனா காலையில லேசா எடுக்குது" என்றார்.

அதைச் சாக்குப்போக்கென்று கருதினோம். இனி வண்டி வளாகத்துக்குள்தான் நிற்க வேண்டும், சாவி இரவில் நம்மிடம் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் சாவியை மேசை மீது வைத்துவிட்டுப் போனார். அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் தப்பெண்ணத்தைத் தடுக்கும் வசனத்தை மாணவர்களுக்கு நாம் விளக்கியதும் அதே வாரத்தில்தான்.

சாவி நம் தலையணைக்கடியில் இருந்தது; வண்டியோ முன்னிலும் மோசமாக இருமியது. பிறகுதான் மெக்கானிக் ஒருவரைத் தேடிப் போனோம். "சாயங்காலம் பாத்துப் பிரயோசனம் இல்ல பாய். ராத்திரி முழுக்க நிக்கட்டும். நான் விடியக்காலம் வர்றேன், அதுவரைக்கும் சாவியத் தொடாதீங்க" என்றார். நோயாளி நலமாக இருக்கும் நேரத்தில் நாடி பிடித்து என்ன பயன்?

சொன்னபடி வந்தவர் சாவியைக் கேட்கவே இல்லை. பானட்டைத் திறந்து, டீசல் ஃபில்ட்டருக்கு மேலிருந்த கைப்பம்பைக் கட்டைவிரலால் அழுத்தத் தொடங்கினார். அது காற்றுப் பை போல அமுங்கிக்கொண்டே இருந்தது. இருபது முறைக்கு மேல் அழுத்திய பிறகே விரலுக்கு இறுக்கம் தட்டியது. "இப்பப் போடுங்க" என்றார். ஒரே திருப்பு. புகையில்லை, நடுக்கமில்லை.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய நாள் முதல் அதன் அடிப்படை ஒன்றே: காற்றை அழுத்தினால் அது கொதிக்கும், அந்தச் சூட்டில் டீசல் தானே பற்றும். டீசல் உரிய அழுத்தத்தில் வந்து சேராமல் காற்றோடு கலந்து விட்டுவிட்டு வந்தால், ஒரு சிலிண்டர் எரியும், மற்றொன்று எரியாது. அதுவே நடுக்கம். எரியாமல் ஆவியாய் வெளியேறும் டீசலே வெண்புகை.

நமக்கு ஓர் ஐயம். "குழாயில் ஓட்டை என்றால் தரையில் ஒரு சொட்டாவது இருக்க வேண்டுமே அண்ணே?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். டேங்கிலிருந்து பம்பு வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. ஆகவே அந்தப் பாதையில் நுண்ணிய வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதே எளிது. இளநீர் உறிஞ்சும் குழலின் மேல்நுனியை விரலால் மூடினால் நீர் நிற்கும். விரலை எடுத்தால் கீழே இறங்கும். நம் வண்டியில் இரவு முழுதும் நடந்தது அதுதான். ஃபில்ட்டர் அருகே கண்ணாடி போன்ற குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்திக் காட்டினார். எஞ்சின் ஓடும்போது அதில் குமிழிகள் வரிசையாக ஓடின. அடியில் படுத்துத் தேடியபோது, கிளிப்புக்குக் கீழே ரப்பர் குழாய் மயிரிழையாய் வெடித்திருந்தது. குழாய், கிளிப், இரண்டு செம்பு வாஷர். அத்துடன் வேலை முடிந்தது. பேட்டரிக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

கைப்பம்பு தொட்டவுடன் இறுக்கமாக இருந்து, அப்போதும் வண்டி நடுங்கினால் ஹீட்டர் பிளக்கைப் பார்க்க வேண்டுமாம். நான்கில் ஒன்று செயலிழந்தாலும் சூடேறும்வரை எஞ்சின் தள்ளாடும். சிலர் அவசரத்தில் காற்று ஃபில்ட்டரில் பெட்ரோல் துணி வைப்பதும், ஸ்பிரே அடிப்பதும் உண்டு. பழுத்த ஹீட்டர் பிளக்கில் அது பட்டால் எஞ்சினே வெடித்து உடையக்கூடும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

எல்லாம் முடிந்து கையைத் துடைக்கையில் மெக்கானிக் தற்செயலாகச் சொன்னார்: "மூக்கு மேட்டப் பாத்து நிக்குதுல்ல, அதான் டீசல் வேகமா எறங்குது. பள்ளத்தப் பாத்து விட்டிருந்தா டேங்கு ஒசந்து நிக்கும், இவ்வளவு தொல்லை இருந்திருக்காது." நம் வளாகத்தின் வாயில் மேடு. வண்டியின் டேங்க் பின்புறம்.

அன்று மஃரிபுக்குப் பின் சாவியை எடுத்துக்கொண்டு மாமுவின் வீட்டுக்குச் சென்றோம். டீசல் பேச்சை எழுப்பியவரையும் உடன் அழைத்துச் சென்றோம். மாப்புக் கேட்டோம். மாமு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கே சொன்னேனே ஹஜ்ரத்" என்றார். அவ்வளவுதான். நம்மிடம் பதில் இருக்கவில்லை. தேநீர் வந்தது, குடித்தோம்.

மறுநாள் சுபுஹுக்குப் பின் அவர் வந்தார். பழுது நீங்கிவிட்டது என்று சொன்ன பிறகும் பானட்டைத் திறந்து கைப்பம்பை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. இன்றும் அவர் அப்படித்தான் பார்க்கிறார். டார்ச் விளக்கைப் பிடிப்பது நம் வேலை.