ரொறன்ரோவிலும் ஒரு தீவு

எல்லாக் கோடை விடுமுறைக்கும் குடும்பமாக ஊருக்குப் பறக்க ஏலாது. ஆனால் யூலை வெயிலுக்குப் பிள்ளையளுக்கு ஒரு தீவு வேணுமெண்டால், ரொறன்ரோ நகர மையத்திலேயே இருக்கு. ஜாக் லேற்றன் துறையில் ஃபெரி ஏறினால் கால் மணித்தியாலத்தில் சென்ரர் ஐலண்ட். அங்கே சொந்தக் கார்கள் ஓடாது. நாலு பேர் சேர்ந்து மிதிக்கிற வண்டி வாடகைக்கு எடுக்கலாம். 1808இல் கட்டிய வெளிச்சவீடும் பார்க்கலாம்.

போன வருசம் அம்மாவும் எங்களோட வந்தா. அவ புங்குடுதீவு. ஏரியில் முழங்கால் வரை இறங்கி நிண்டு, "உப்பில்லாத கடல்" எண்டு சிரிச்சா. இந்தத் தீவு முந்திக் கரையோட ஒட்டின மண்திட்டு, 1858 புயல்தான் அதைப் பிரிச்சது எண்டு பிள்ளையளுக்குச் சொன்னேன்.

"எங்கட தீவு மற்றப் பக்கம். கடலுக்குள்ள தாம்போதி போட்டு வேலணையோட சேர்த்தவை" எண்டா அம்மா. பிள்ளையள் விடேல்லை: அதுக்கு முதல் எப்படிப் போனனீங்கள், வள்ளத்திலயா, பயமில்லையா? வீட்டில ஊர்க்கதை எடுத்தால் எழும்பிப் போற பிள்ளையள், அண்டைக்குக் கடைசி ஃபெரி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தினம்.

சனி, ஞாயிறில் வரிசை நீளம், காலமையே போங்கோ. தண்ணி யூலையிலும் குளிரும். துவாய் கூட எடுங்கோ. அம்மம்மா, அப்பப்பாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ.