கைக்குழந்தையோடு கடல் கடந்து

நாஞ்சில் நாட்டில் விமான நிலையம் இல்லை. வளைகுடா செல்லும் நம் மக்களுக்குத் திருவனந்தபுரமே வாயில். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை எனக் கடைத்தெருக்களினூடே நெளிந்து செல்லும் சாலை அது. அண்மையில் நம் பங்கின் இளந்தாய் ஒருத்தியை வழியனுப்ப அவ்வழியே சென்றோம். அவள் மடியில் ஏழு மாத மகன். தந்தை அவனை இன்னும் நேரில் கண்டதில்லை.

புறப்படுமுன் பட்ட பாடு சிறிதன்று. கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். பிறப்புச் சான்றிதழிலோ பெயரே சேர்க்கப்படவில்லை; அதற்கே பல நாள் அலைந்தனர். அன்பர்களே, குழந்தை பிறந்த ஓராண்டுக்குள் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் தாய்மடியே இருக்கை. விமானம் இறங்குகையில் காற்றழுத்தம் மாறிச் செவி நோகும்; அவ்வேளை பாலூட்டினால், விழுங்கும்போது வலி தணியும். கைப்பையில் பிள்ளைக்கும் தாய்க்கும் மாற்றுடை வேண்டும். பாட்டியோ ஏத்தங்காய்ப் பொடியையும் அதில் திணித்திருந்தார்.

பயணச்சீட்டு இல்லாதவர் நிலைய வாயிலிலேயே நிற்க வேண்டும். அங்கே பாட்டி பேரனின் நெற்றியில் சிலுவை வரைந்தார். திரும்பும் வழியில் எவரும் பேசவில்லை. களியக்காவிளை தாண்டியதும் பாட்டி கேட்டார்: "சாமி, எறங்கும்போது பால் குடுக்க மறந்திருவாளோ?"

"மறக்கமாட்டாள், அம்மா" என்றோம்.