மாதவரம் டு விளாடிவோஸ்டாக்: 30 ராத்திரியும் எங்கே தூங்குவது?

மாதவரம் ரவுண்டானாவைத் தொட்டுப் போகும் ஜி.என்.டி. சாலைக்கு ராத்திரி, பகல் தெரியாது. துறைமுகத்துக்கு விரையும் கன்டெய்னர் லாரிகள், கொல்கத்தா பக்கம் கிளம்பும் சரக்கு லாரிகள், 2018-ல் திறக்கப்பட்ட புறநகர் பஸ் நிலையத்திலிருந்து புறப்படும் ஆந்திரா பஸ்கள் என்று சென்னையின் வடக்கு வாசல் எப்போதும் விழித்தே இருக்கும்.

இங்கிருந்து கொல்கத்தா சுமார் 1,700 கிலோமீட்டர். நெடுந்தூரம் ஓட்டும் டிரைவர்கள் தூரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதில்லை. முதல் ராத்திரி எந்த பங்க்கில் வண்டியை நிறுத்துவது, எங்கே குளிப்பது, எங்கே சோறு, செக்போஸ்ட்டில் தாமதமானால் எத்தனை மணி நேரம் கையிருப்பு என்று யோசிப்பார்கள். குறைந்த செலவில் நீண்ட தூரம் போவதற்கான பாலபாடம் அதுதான்.

முதுகில் ஒரு பையோடு பெரிய தேசம் ஒன்றைச் சுற்றிவர ஆசைப்படும் இளைஞர்களுக்கும் அந்தப் பாடம் அப்படியே பொருந்தும். உலகத்திலேயே பெரிய நாடான ரஷ்யாவுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும்.

கப்பல் நேராகப் போகும், மனிதர் சுற்றித்தான் போக வேண்டும்

வடசென்னைக்கும் ரஷ்யாவுக்கும் பழைய உறவு உண்டு. மில், தொழிற்சாலை, தொழிற்சங்கம் என்று வாழ்ந்த பல வீடுகளில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் இருந்தன. வழவழப்பான தாளில், மலிவு விலையில் வந்த அந்த நாவல்களிலும் சிறுவர் கதைகளிலும்தான் பனியையும் பைக்கால் ஏரியையும் ஒரு தலைமுறை பார்த்தது.

இப்போது உறவு கடல் வழியாகத் தொடர்கிறது. சென்னையையும் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் விளாடிவோஸ்டாக்கையும் இணைக்கும் கடல்வழித் தடத்துக்கு 2019 செப்டம்பரில் இரு நாடுகளும் கையெழுத்திட்டன. தூரம் சுமார் 5,600 கடல் மைல், அதாவது பத்தாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம்.

ஆனால் அது சரக்குக்கான பாதை. நிலக்கரியும் உரமும் போகிற வழியில் மனிதருக்கு டிக்கெட் இல்லை. விமானத்தில் மாஸ்கோவில் இறங்கி, அங்கிருந்து ரயில் பிடித்து, நாட்டின் மறுகோடியில் இருக்கும் விளாடிவோஸ்டாக்குக்குப் போவதுதான் பயணிக்கு உள்ள வழி.

1891-ல் தொடங்கி 1916-ல் முடிந்த டிரான்ஸ் சைபீரியன் ரயில் பாதை அது. நீளம் 9,288 கிலோமீட்டர். சென்னை சென்ட்ரலிலிருந்து டெல்லிக்கு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடும் தூரம் 2,182 கிலோமீட்டர். அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்! மாதவரத்தில் காலை 6 மணி என்றால், மாஸ்கோவில் அதிகாலை 3.30. விளாடிவோஸ்டாக்கில் காலை 10.30.

முதலில் தீர்ந்துபோவது நாள்கள்தான்

இப்படிப்பட்ட பயணத்தில் பணம்தான் முதலில் தீரும் என்று வீட்டில் நினைப்பார்கள். உண்மையில் முதலில் தீர்வது நாள்கள்.

இந்தியர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் ரஷ்யா இ-விசா தருகிறது. கட்டணம் சுமார் 52 டாலர். ஆரம்பத்தில் 16 நாள் மட்டுமே தங்கலாம் என்றிருந்தது. 2025-ல் அது 30 நாளாக உயர்ந்தது. இந்த விசாவை அங்கே போய் நீட்டிக்க முடியாது என்பதால், ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் அபராதம், திருப்பி அனுப்புதல் என்று சிக்கல் வரும்.

ஆக, கையில் இருப்பது 30 ராத்திரி. திட்டம் போடும்போது ஒரு தாளில் 1 முதல் 30 வரை எழுதி, ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அன்று எங்கே தூக்கம் என்று நிரப்ப வேண்டும். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் அப்புறம்.

இரவு ரயிலில் ஏறினால் படுக்கையும் அதுதான், பயணமும் அதுதான். அறை வாடகை மிச்சம். இதற்கு ஏற்றது 'பிளாட்ஸ்கார்ட்' பெட்டி. கதவில்லாத, 54 படுக்கைகள் கொண்ட, நம்ம ஊர் ஸ்லீப்பரின் ஒன்றுவிட்ட சகோதரன். சைடு லோயர், சைடு அப்பர் கூட உண்டு. நான்கு பேர் படுக்கும் அறைப் பெட்டிக்குக் கட்டணம் அதிகம். ஆனால் சில ரயில்களில் பெண்களுக்கு மட்டுமான அறைகள் கிடைக்கும். தனியே போகும் பெண்கள் அந்தக் கூடுதல் செலவைத் தயங்காமல் செய்யலாம்.

30 நாள் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கணக்கு:

மாஸ்கோவில் 4 நாள். அங்கிருந்து ஒரு ராத்திரி ரயில், கசான். கோட்டைக்குள்ளேயே மசூதியும் தேவாலயமும் இருக்கும் அந்த ஊரில் 2 நாள்.

அடுத்த ராத்திரி ரயில், யெகாதெரின்பர்க். ஐரோப்பாவும் ஆசியாவும் பிரியும் எல்லைக் கல் பக்கத்தில்தான். அங்கே 2 நாள்.

இன்னொரு ராத்திரி ரயிலில் நோவோசிபிர்ஸ்க். 2 நாள்.

அங்கிருந்து இர்குட்ஸ்க் போக 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2 ராத்திரி ஒதுக்கிவிடலாம். பைக்கால் ஏரிக்கு 5 நாள். 1,642 மீட்டர் ஆழம் கொண்ட, உலகிலேயே ஆழமான ஏரி. உலகில் உறையாத நிலையில் இருக்கும் மேற்பரப்பு நன்னீரில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரே ஏரியில்!

பிறகு உலன் உதே. இந்த ஒரு பயணத்தை மட்டும் பகல் ரயிலில் வைப்பது நல்லது. ஜன்னலை ஒட்டியே பைக்கால் கூட வரும். புத்த மடாலயமும், லெனினின் பிரமாண்டமான தலைச் சிலையும் இருக்கும் ஊர். 2 நாள்.

கடைசியாக விளாடிவோஸ்டாக் வரை சுமார் 3,650 கிலோமீட்டர். ரயிலிலேயே 3 ராத்திரி. கடலைப் பார்த்தபடி 3 நாள்.

கூட்டிப் பார்த்தால் ஊர்களில் 20 நாள், ரயிலில் 8 ராத்திரி, மொத்தம் 28. மீதி இரண்டு நாள் எதற்கும் இல்லை. லாரிக்காரர் செக்போஸ்ட்டுக்கு ஒதுக்கும் நேரம் மாதிரி, ரயில் தவறினாலோ காய்ச்சல் வந்தாலோ உதவுவதற்கு. அதைத் தொடாமல் திரும்பினால் சந்தோஷம்.

ஏ.டி.எம். கார்டு வேலை செய்யாது

ரஷ்யாவுக்கு வெளியே வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் அங்கே செல்லாது. அறை, சாப்பாடு, டிக்கெட் எல்லாவற்றுக்கும் ரொக்கம்தான். அதனால்தான், மற்ற பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் நோட்டாகக் கொண்டுபோகலாம் என்று வரம்பு வைத்திருக்கும் ரிசர்வ் வங்கி விதி, ரஷ்யாவுக்கு அதைத் தளர்த்தியிருப்பது கைகொடுக்கிறது.

ரொக்கத்தை மூன்றாகப் பிரித்து, மூன்று இடங்களில் வைப்பது பழைய யோசனைதான். இன்றும் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

ரயில் டிக்கெட்டுக்கு இந்திய அட்டையை ஏற்கும் ஏஜென்ட் மூலம் முதல் இரண்டு பயணங்களை முன்பதிவு செய்துவிட்டு, மற்றவற்றை ஸ்டேஷன் கவுன்டரில் ரொக்கம் கொடுத்து வாங்கலாம். தங்கும் விடுதிக்கு முன்கூட்டியே ஒரு கேள்வி அனுப்ப வேண்டும்: 'வெளிநாட்டவரின் வருகையைப் பதிவுசெய்து தருவீர்களா?' ஓர் ஊரில் ஏழு வேலை நாளுக்கு மேல் தங்கினால் அந்தப் பதிவு கட்டாயம்.

சாப்பாட்டுச் செலவைக் குறைக்க ஒவ்வொரு ரயில் பெட்டியிலும் ஒரு வெந்நீர் பாய்லர் இருக்கிறது. புளியோதரைப் பொடி, பருப்புப் பொடி, உடனடி உப்புமா, ஒரு எவர்சில்வர் டம்ளர் போதும். ஊர்களில் 'ஸ்டலோவயா' என்று போர்டு மாட்டிய உணவகங்கள் நம்ம மெஸ் மாதிரி. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் வேண்டியதைக் கேட்டு வாங்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை போனால் கனத்த குளிர் உடைக்கான செலவும் இல்லை.

வீட்டின் பயம் வீண் பயம் அல்ல

உக்ரைனுடன் போர் நடக்கும் நாடு இது. எல்லையை ஒட்டிய தென்மேற்குப் பகுதிகளைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட வேண்டும். ட்ரோன் தாக்குதல் காரணமாக விமான நிலையங்கள் திடீரென்று மூடப்படுவதும், மொபைல் இன்டர்நெட் நிறுத்தப்படுவதும் நடக்கின்றன. வெளிநாட்டவர் உள்ளூர் சிம் வாங்குவதும் 2025 முதல் கடினமாகியிருக்கிறது. வரைபடம், டிக்கெட், விசா, காப்பீடு எல்லாம் தாளிலும் இருக்க வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நல்ல சம்பளம், உதவியாளர் வேலை என்று நம்பிப்போன இந்திய இளைஞர்கள் ரஷ்ய ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, சிலர் போர்முனையில் உயிரிழந்திருக்கிறார்கள். சுற்றுலா விசாவில் போனவர்களும் அவர்களில் உண்டு. இப்படிப்பட்ட அழைப்புகளை நம்ப வேண்டாம் என்று இந்திய வெளியுறவு அமைச்சகம் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. 'பணம் குறைந்தால் அங்கேயே ஏதாவது வேலை பார்த்துக்கொள்ளலாம்' என்ற எண்ணத்தோடு கிளம்புகிறவர் கிளம்பவே கூடாது. புரியாத மொழியில் உள்ள எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணம் புறப்படும் முன்பே வீட்டில் தனியாக இருக்க வேண்டும்.

மாஸ்கோவில் இந்தியத் தூதரகமும், விளாடிவோஸ்டாக்கில் 1992 முதல் துணைத் தூதரகமும் இருக்கின்றன. அந்த எண்கள் பையிலும் இருக்க வேண்டும், வீட்டிலும் இருக்க வேண்டும்.

டெல்லி வரை ஒரு ஒத்திகை

இவ்வளவுக்கும் தயாரா என்று தெரிந்துகொள்ள மலிவான வழி, டெல்லிக்கு ஸ்லீப்பரில் ஒரு பயணம். ரஷ்யாவுக்கு எடுத்துப்போகும் அதே பை, அதே பொடி டப்பா, போனில் இன்டர்நெட் இல்லாமல் 33 மணி நேரம். எது கனக்கிறது, எது தேவைப்படவே இல்லை என்று நாக்பூர் வருவதற்குள் தெரிந்துவிடும்.

அந்த 30 வரித் தாளில் இரண்டு பிரதி எடுக்க வேண்டும். ஒன்று பயணியின் பையில். இன்னொன்று மாதவரம் வீட்டுத் தினசரி காலண்டருக்குப் பக்கத்தில். காலையில் தேதி கிழிக்கும் அம்மாவுக்கு, பிள்ளை இன்று எந்த ஊரில், எந்த ரயிலில் என்று தெரியும். இரண்டு நாள் போன் வராவிட்டாலும், அது நோவோசிபிர்ஸ்க்குக்கும் இர்குட்ஸ்குக்கும் நடுவே சிக்னல் இல்லாத காடு என்று புரியும். மூன்றாம் நாளும் வராவிட்டால் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்பதும் அதே தாளில், கடைசி வரியில் இருக்கும்.