விர்ச்சுவல் மெஷினில் காணாமல்போன 6-ஆம் நம்பர்

விர்ச்சுவல்பாக்ஸ் லினக்ஸில் இடம் பத்தவில்லை என்று ஒருத்தர் ஸ்வாப் பார்ட்டிஷனை அழிக்கிறார். ரீபூட் செய்தால் கறுப்புத் திரை, 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரே ஒரு வரி. செமஸ்டர் புராஜெக்ட் மொத்தமும் உள்ளே! பதறிப்போய் மறுபடி இன்ஸ்டால் செய்யக் கிளம்புவார் பாருங்கள், அப்போதுதான் நிஜமாகவே எல்லாம் போகும்.

ஃபைல்கள் அப்படியேதான் இருக்கின்றன. பழைய எம்பிஆர் முறையில், லாஜிக்கல் பார்ட்டிஷன் 5-ஐ அழித்தால் 6 என்பது 5 ஆகிவிடும். கிரப் பாவம், இன்னும் 6-ஐயே தேடிக்கொண்டிருக்கிறது.

முதலில் விடிஐ ஃபைலை ஒரு காப்பி எடுத்துக்கொண்டால் தைரியமாகக் கை வைக்கலாம் (நிஜ ஹார்டுடிஸ்கில் இந்த வசதி ஏது?). லைவ் ஐஎஸ்ஓவில் பூட் செய்து, ரூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, கிரப்பை மறுபடி இன்ஸ்டால் செய்தால் மெஷின் எழுந்துவிடும்.

அப்புறமும் பூட் ஆகும்போது 90 நொடி முழிக்கிறதா? எஃப்எஸ்டேப் ஃபைலில் அழித்த ஸ்வாப்பின் வரி பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அதன் முன்னால் ஒரு # போட்டால் போதும்.